நான்காவது மாடியில் போட்ட நாற்காலி

என் பெயரும் கதவிலக்கமும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் தனியே எழுதித் தரப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. பழைய நூலாலைக்குக் கீழ்ப்புறம் உள்ள தெருவில் என் தகப்பனாருடன் வசித்து வருகிறேன். மணமாகாதவள். பொது மருத்துவமனையின் ஆய்வகத்தில் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் பணியில் இருக்கிறேன். சென்ற தேர்தலில் எங்கள் பகுதிக்கு நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மன்றத்தின் திட்டக் குழுவிலும் இருந்து வருகிறேன்.

என் தகப்பனார் நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், உருவம் தெரியாது. ஆனாலும் யாராவது கையைப் பிடித்தால் உதறிவிடுவார். "கண்ணுதான் போச்சு, வழி போகலையே" என்பார். கண் மருத்துவரிடம்கூட வாடகை வண்டி பிடித்துத் தனியாகத்தான் போய் வருவார். எனக்கு ஒரே தம்பி. கூப்பிடு தூரத்தில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருக்கிறான். வெகு நாள் வேலையில்லாமல் இருந்து, அண்மையில்தான் ஆலை நிலத்தில் கட்டட மேற்பார்வையாளராகச் சேர்ந்தான்.

ஆலை நிலம் என்பது மூடிக் கிடக்கும் நூலாலையும் அதைச் சுற்றியுள்ள மேட்டு நிலமும் ஆகும். எல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். நகரத்தில் அவ்வளவு நிலம் வேறு யாரிடமும் இல்லை. அங்கே அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் கட்டுவதற்காக அந்தக் குடும்பத்தின் நிறுவனம் நகர மன்றத்திடம் முப்பது ஆண்டு வளர்ச்சி ஒப்பந்தம் கேட்டது. அதன்படி இன்றுள்ள கட்டட விதிகளே முப்பது ஆண்டுக்கும் அந்த நிலத்துக்குச் செல்லும். நடுவில் மன்றம் விதியை மாற்றினால் ஊருக்குத்தான் மாறும், அவர்களைக் கட்டாது. பதிலுக்குச் சாலை, பள்ளிக்கூடம், பூங்கா, மழைநீர் வாய்க்கால் ஆகியவற்றை அவர்கள் தங்கள் செலவில் செய்து தர வேண்டும். புதிய கட்டட விதிகள் அடுத்த மாதம் நடைமுறைக்கு வர இருந்ததால், அதற்கு முன் ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள்.

நான் ஒப்பந்தமே கூடாது என்று சொன்னவள் அல்ல. மேட்டு நிலத்தில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் போய்த் தேங்குவதால்தான் கீழே எங்கள் வீடுகளுக்குள் வராமல் இருக்கிறது. பள்ளத்தை முதலில் மூடி வீடு கட்டுவது, வாய்க்காலைக் கடைசிக் கட்டத்தில் வெட்டுவது என்று வரைவில் இருந்தது. கடைசிக் கட்டம் என்றால் இருபது ஆண்டு கழித்து. வாய்க்காலை முதலில் வெட்டுங்கள், பிறகு பள்ளத்தை மூடுங்கள் என்று திருத்தம் கொடுத்தேன். குழுவில் ஏழு பேர். மூவர் வரைவை அப்படியே நிறைவேற்றலாம் என்றார்கள், மூவர் திருத்தம் இல்லாமல் கூடாது என்றார்கள். ஆகவே என் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் காரியம் சாயும் என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று.

நிறுவனத்துக்காக எல்லாவற்றையும் பேசுகிறவர் அதன் நிர்வாகி. எங்கள் தெருவில் அவருக்கு வெண்ணெய் என்று பெயர். குரலை உயர்த்த மாட்டார், சின்னப் பிள்ளையைக்கூட நீங்கள் என்றுதான் சொல்வார். பட்டப்பெயரெல்லாம் வேண்டுமா என்று விசாரணை அதிகாரி கேட்டார். எங்கள் தெருவில் போய் நிர்வாகி என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது என்பதால் சொன்னேன். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் என் திருத்தத்தை விளக்கிப் பேசி முடித்ததும் முதலில் கை தட்டியவர் அவர்தான்.

அதன் பிறகு அந்த வாரத்திலேயே அவர் ஆய்வகத்துக்கு வந்தார். நோயாளிகள் வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு, தன் முறை வந்ததும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்து நீட்டினார். சர்க்கரைப் பரிசோதனை என்று சீட்டில் இருந்தது. நான் ரப்பர் பட்டையை அவர் கையில் கட்டினேன். இருபது வருடமாக இரத்தம் எடுக்கிறேன், ஆனால் அன்றைக்கு எனக்கு நரம்பு உடனே கிடைக்கவில்லை.

"பதட்டப்படாதீங்க மேடம், நிதானமா எடுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். ஊசி உள்ளே இருக்கும்போது, "அப்பாவுக்குச் சொட்டு மருந்தை மாத்திட்டாங்களாமே. புது மருந்து கொஞ்சம் எரியும். எங்கம்மாவுக்கும் அதே மருந்துதான்" என்றார்.

மருந்து மாற்றியது முந்தைய நாள் மாலை. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து, கையை மடக்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வந்த நோயாளியிடம் அவருடைய பெயரை இரண்டு தடவை கேட்டேனாம். உடன் வேலை செய்பவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் புறப்பட்டு வாசல் கேட்டைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. அந்தக் கேட்டின் கீழ்க் கீல் உடைந்து பல மாதம் ஆகிறது. திறந்தால் தெருமுனை வரை கேட்கும். குனிந்து பார்த்தேன். கீல் புதிது, எண்ணெய் போட்டிருந்தது, கம்பிகளுக்கு வர்ணமும் அடித்திருந்தது. கை வைத்தால் ஒட்டியது. நாங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது யாரோ கேட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன். தான் யாரையும் வரச் சொல்லவில்லை என்றார். தம்பியிடம் கேட்டேன். அவனும் இல்லை என்றான், ஆனால் வர்ணம் என்ன நிறம் என்று கேட்கவில்லை. நான் கையைச் சோப்பு போட்டுக் கழுவியும் பச்சை போகவில்லை. அன்று கையுறைக்குள் அந்தப் பச்சையோடுதான் வேலை பார்த்தேன்.

அதன் பிறகு அப்பா கண் மருத்துவரிடம் போன ஒரு நாள், வழக்கமான வாடகை வண்டியில் வராமல் வெள்ளைக் கார் ஒன்றில் வந்து இறங்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஓட்டுநர் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டு, அப்பாவின் கையைத் தொடாமல் அருகிலேயே நடந்து வாசல் வரை வந்து திரும்பினார். கையைப் பிடித்தால் அப்பாவுக்குப் பிடிக்காது என்று அவருக்கு யார் சொன்னது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல மனுஷங்கம்மா. கிளட்சை மிதிக்கிறதே தெரியல, அப்படி ஓட்டுறான்" என்றார். யார் கார் என்று கேட்டதற்கு, "உனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்களே" என்றார். இனிமேல் தெரியாதவர்கள் காரில் ஏறக் கூடாது என்று சத்தம் போட்டேன். "எனக்கு எல்லாருமே தெரியாதவங்கதான், எந்த முகத்தைப் பார்க்கறேன்?" என்று சிரித்தார்.

அதன் பிறகு நான் இதே காவல் நிலையத்துக்கு வந்து முறையிட்டேன். அன்று பணியில் இருந்த காவலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டைச் சரி செய்து கொடுத்தார்கள், அப்பாவைக் காரில் கொண்டு வந்து விட்டார்கள், இதில் புகார் எது என்று கேட்டார். "எங்க வீட்டுக் கேட்டும் கிறீச்சுன்னுதாம்மா கத்துது. முடிஞ்சா அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது என் பற்கள் தந்தியடித்தன. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று முதல் நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. அப்பாவின் அறை வாசலில் பாயை விரித்துப் படுத்தேன். அவருக்குச் சொட்டு மருந்து விடும்போது குப்பியின் மூடி உடைபடாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். யாராவது நம்மைப் பயமுறுத்தினால் பதிலுக்குத் திட்டலாம். உதவி செய்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை என் தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அக்கா, கையைத் தூக்கிடுக்கா. உனக்கு என்ன போகுது? வாய்க்கால் எப்ப வெட்டினா என்ன?"

"மழை பெஞ்சா நம்ம ரெண்டு வீட்டுக்குள்ளயும்தான்டா தண்ணி வரும். உன் புள்ளைங்க கட்டில் மேல உட்கார்ந்து பாடம் படிக்கணுமா?"

"தண்ணி வந்தா வடிஞ்சிரும்கா" என்றான்.

வேலை போய்விடும் என்று சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். அப்படியானால் என்னதான் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமே சொல்லலக்கா. ரொம்ப மரியாதையா நடத்துறாங்க" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. எனக்குக் கோபம் வந்தது. நிறுவனத்துக்காகத் தூது வந்திருக்கிறாய் என்று சொன்னேன். அவன் தம்ளரை வைத்துவிட்டு, உள்ளே போய் அப்பாவின் கட்டிலருகே சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். அவனும் என்னைப் போலவே பயந்திருக்கிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்தோம்.

மறுநாள் காலை நான் மன்றத்துக்குப் புறப்படும்போது அப்பா வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளச் சொன்னேன், நான் வரும்வரை யாருக்கும் திறக்க வேண்டாம் என்றேன். "உன் தம்பி வந்தாகூடவா?" என்று கேட்டார். தம்பி வந்தால் திறங்கள் என்று நான்தான் சொன்னேன்.

மன்றக் கூடம் நிறைந்திருந்தது. எங்கள் தெருக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். நிர்வாகி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுத் தலைவர் ஒப்பந்தத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பூங்காவைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது என் கைபேசி அதிர்ந்தது. தம்பியின் எண். எடுத்தால் அப்பாவின் குரல் கேட்டது. குரலுக்குப் பின்னால் காற்று அடித்தது. எங்கள் வீட்டில் அப்படிக் காற்று அடிக்காது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"ஆலை நிலத்தில கட்டுறாங்களே, அந்தக் கட்டடத்தில. தம்பி கூட்டிட்டு வந்தான். லிப்ட் வைக்கலையாம், நாலு மாடியும் நடந்தே ஏறிட்டேன், தெரியுமா? மூச்சுகூட வாங்கல. உட்கார நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஒரே உபசாரம். என்ன காத்து! நீ வந்து பாரு."

தம்பியிடம் கொடுங்கள் என்றேன். கைபேசியை யாரோ வாங்கும் ஓசை கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்தக் கட்டடம் எங்கள் தெருவிலிருந்தே தெரியும். மாதிரி வீடுகளுக்காக எழுப்பியது. தூணும் தளமும்தான் ஆகியிருந்தன. மேல் மாடிகளில் சுவர் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நிர்வாகி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்களைக் கண்டால் குனிவது போலத் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார். வேறு எதுவும் செய்யவில்லை. அவர் எதுவும் செய்யவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு தலைவர் வாக்கெடுப்பு என்று அறிவித்தார். ஆதரிக்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார். மூன்று கைகள் உயர்ந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தியிருப்பேன். இதை மறைக்க விரும்பவில்லை. என் வலது கை மேசையிலிருந்து கிளம்பியது. கையை உயர்த்தினால் அப்பாவைப் பத்திரமாகக் கொண்டு வந்து விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதோடு சேர்ந்து இன்னொன்றும் தெரிந்தது. ஒப்பந்தம் முப்பது ஆண்டுக்கு. முப்பது ஆண்டும் அவர்களுக்கு என்னிடமோ, என் இடத்தில் வருகிறவரிடமோ ஏதாவது தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். நாற்காலியை எங்கே போட்டால் என் கை உயரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதனால் தூக்கிய கையால் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டேன்.

நான் பேசியது கூட்டப் பதிவிலும் இருக்கும். நினைவில் உள்ளபடி சொல்கிறேன். "என் அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. இப்ப அவரை ஆலை நிலத்துக் கட்டடத்துல, சுவரில்லாத நாலாவது மாடியில கொண்டுபோய் உட்கார வச்சிருக்காங்க. நான் எப்படிக் கை தூக்கறேன்னு பார்க்கறதுக்காக. எனக்குப் பயமா இருக்கு. தனியாப் போகப் பயமா இருக்கு. யாராவது என்கூட வர்றீங்களா?"

தலைவர் இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். முதலில் எழுந்தவர் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. என்னோடு வழக்கமாகச் சண்டை போடுகிறவர். தெருவிளக்கு எரியவில்லை என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்தவர். "வண்டி வெளியதான் நிக்குது, எந்திரி" என்றார். அதன் பிறகு நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பாதிக் கூடம் எழுந்து நின்றது. நிர்வாகி மட்டும் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நாங்கள் வண்டிகளில் போனோம். மேட்டு நிலத்தின் வாயிலில் இருந்த காவலாளி இத்தனை பேரைப் பார்த்துத் தடுக்கவில்லை. படிக்கட்டில் ஏறும்போது மேலேயிருந்து இரண்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருவர் வணக்கம்கூடச் சொன்னார். அவர்களை அடையாளம் காட்ட முடியும். மூன்றாவது மாடியில் எல்லோரையும் நிற்கச் சொன்னேன். சத்தம் கேட்டால் அப்பா எழுந்துவிடுவார் என்று சொன்னேன். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் படிகளில் நின்றார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனேன்.

நான்காவது மாடியில் கண்டது இது. தளத்தின் விளிம்பில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வெளிப்பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அப்பா அதில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாதத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். கைப்பிடிச் சுவரோ கயிறோ கிடையாது. கீழே கம்பிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. நாற்காலிக்குப் பின்னால் என் தம்பி தரையில் மண்டியிட்டு, அதன் பின் கால்கள் இரண்டையும் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தான். உதட்டைக் கடித்து இரத்தம் வந்திருந்தது.

அப்பாவின் இன்னொரு கையில் கைத்தடி இருந்தது. அதை முன்னால் நீட்டித் தட்டினார். தடி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இறங்கியது.

"இங்க படி இருக்கு போலிருக்கே" என்றார்.

"ஆமாப்பா, படிதான். எந்திரிக்காதீங்க" என்றான் தம்பி. அந்தப் பதிலை அவன் அதற்கு முன்பே பல தடவை சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டவுடனே தெரிந்தது.

நான் கத்தினால் அவர் திடுக்கிட்டு எழுவார், எழுந்தால் ஒரு அடி எடுத்து வைப்பார். இரத்தம் எடுக்கும்போது குழந்தைகளிடம் பேசுகிற குரலில், அப்பா, நான் வந்துவிட்டேன் என்றேன். அவர் என் பக்கம் திரும்ப முயன்றார். திரும்ப வேண்டாம், அப்படியே உட்காருங்கள், முன்னால் ஈரச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள், மிதித்தால் காசு கேட்பார்கள், நாற்காலியோடு பின்னால் இழுக்கிறேன் என்றேன்.

"ரிவர்ஸா?" என்றார்.

"ரிவர்ஸ்தான்ப்பா. நீங்க குரல் கொடுங்க, நான் எடுக்கறேன்."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓட்டுநராக இருந்த காலத்தில் பணிமனையில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சொல்வதுபோல, "வரட்டும், வரட்டும், வரட்டும்" என்று சத்தமாகச் சொன்னார். நான் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் இழுத்தோம். நாற்காலிக் கால் தளத்தில் உரசியது. அவர் "வரட்டும், வரட்டும், இடது பக்கம் ஒடி" என்றார். நாங்கள் நடுத் தூண் வரை இழுத்தோம். "போதும்" என்று அவர் தடியால் தரையைத் தட்டினார். அதன் பிறகும் இழுத்தோம்.

அதன் பிறகு தம்பியின் விரல்கள் நாற்காலிக் காலைவிட்டு வரவில்லை. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். அப்போதுதான் அவன் சொன்னான். காலையில் அந்த இரண்டு ஆட்களும் அவனிடம், மாதிரி வீட்டைப் பெரியவருக்குக் காட்ட முதலாளி ஆசைப்படுகிறார், அழைத்து வா என்றார்களாம். அவன் தயங்கியபோது, அவனுடைய பெண்களைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டுநரின் பெயரைச் சொல்லி, அவர் சுகமா என்று விசாரித்தார்களாம். மேலே வந்ததும் நாற்காலியை அவர்களே விளிம்பில் போட்டு, அப்பாவை உட்கார வைத்து, தம்பியின் கைபேசியை வாங்கி அப்பாவிடம் கொடுத்துப் பேச வைத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை இப்படியே இருக்கட்டும் என்றார்களாம். அவன் நாற்காலியைப் பின்னால் இழுக்கப் போனபோது ஒருவன் தோளைத் தட்டி, "புடிச்சுக்கறதுன்னா புடிச்சுக்கோ, நகர்த்தாதே" என்றானாம். "அதுக்கப்புறம் நான் கையை எடுக்கவே இல்லக்கா" என்றான்.

கண் மருத்துவரிடம் அப்பா போகும் நாளையும் மருந்து மாறியதையும் நிர்வாகியிடம் சொன்னது நீயா என்று கேட்டேன். அவர் அக்கறையாக விசாரித்தார், அதனால் சொன்னேன் என்றான். கேட்டைப் பற்றியும் அவன்தான் சொல்லியிருக்கிறான்.

அதன் பிறகு அப்பாவைக் கீழே இறக்கினோம். தரைக்கு வந்ததும் படிகளில் நின்ற இத்தனை பேர் எதற்கு என்று கேட்டார். தையல் கடை அம்மா அழுதார். அப்போது நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா கையில் இருந்த தடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி படி இல்லையா?"

"இல்லப்பா."

அவர் மண்ணில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். பிறகு, "அவன் புடிச்சிட்டிருந்தானா?" என்றார்.

"புடிச்சிட்டிருந்தான்ப்பா."

"அவனை ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

நான் கூடத்தைவிட்டு வெளியேறியதும் திருத்தம் கேட்ட மற்ற மூவரும் வாக்களிக்க மறுத்துவிட்டார்கள் என்றும், ஏழு பேரில் மூவர் கை போதாது என்பதால் தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்தார் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அடுத்த கூட்டத்துக்குள் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிடும். ஒப்பந்தத்தை அவர்கள் முதலிலிருந்து எழுத வேண்டும். வாய்க்கால் எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. நிறுவனம் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டிருக்கிறது. முதியவர் ஒருவருக்கு நாற்காலி கொடுத்து உபசரித்ததை அரசியலாக்குகிறார்கள் என்று அதில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவை வாங்க நிர்வாகி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஆய்வகத்தில் வரிசையைப் பார்க்கிறேன்.

என் தம்பியைக் குற்றவாளி என்று சொல்கிறேனா, சாட்சி என்று சொல்கிறேனா என்று விசாரணை அதிகாரி கேட்டார். அப்பாவை மேலே ஏற்றியவன் அவன். விழாமல் பிடித்திருந்தவனும் அவன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் அதைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை. அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனாகத்தான் வந்தான். எனக்குப் பிறகு அவன் சொல்வான்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசி வரியில், அச்சமோ யாருடைய வற்புறுத்தலோ இல்லாமல் சொன்னது என்று இருந்தது. வற்புறுத்தல் இல்லை என்பது சரி, அதை அப்படியே விடலாம் என்றேன். அச்சம் இல்லை என்பதை அடிக்கச் சொன்னேன். வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம் என்றார் எழுத்தர். வழக்கமாக வருகிறவர்களுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும் என்றேன். விசாரணை அதிகாரி பேனாவை வாங்கி அவரே அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

மேலே கண்டவை அனைத்தும் நான் நேரில் கண்டதும் கேட்டதும் ஆகும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், பயத்தோடு, முழு நினைவில், உண்மையைச் சொன்னேன்.

(கையொப்பம்)